மொய் நோட்டிலிருந்து ஆரம்பியுங்கள்: வம்சாவளி தேடுகிறவர்களுக்கு ஒரு பத்திர டைப்பிஸ்ட் சொல்வது

“எங்க வீட்ல பழைய காகிதமே இல்லீங்க” என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: மொய் நோட்டு இருக்கிறதா? பட்டாவைக் கரையான் தின்றிருக்கும். ஜாதகத்தை யாரோடாவது சேர்த்து ஆற்றில் விட்டிருப்பார்கள். மொய் நோட்டு மட்டும் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக இருக்கும். அது திருப்பிச் செய்யவேண்டிய கடனின் கணக்கு, அதனால்தான்.

வந்தவாசியில் ஒரு பத்திர எழுத்தரிடம் 29 வருஷம் டைப் அடித்தவள் நான். சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே தகரக் கொட்டகை, ஒரு ரெமிங்டன் மிஷின், பிற்பாடு கம்ப்யூட்டர். முதுகு போனபிறகு வீட்டில் உட்கார்ந்தேன். இப்போது மாதத்தின் இரண்டாவது ஞாயிறு நூலக மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். வம்சாவளிச் சங்கம் என்று நாங்களே சொல்லிக்கொள்வதுதான். பதிவும் இல்லை, சந்தாவும் இல்லை, டீச் செலவை மட்டும் பங்கு போட்டுக்கொள்வோம். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், பழைய கிராம முன்சீப்பின் பேரன் ஒருவர், ஜாதகம் கணிக்கத் தெரிந்த பெரியவர், போனிலேயே நேர்த்தியாக ஸ்கேன் எடுக்கும் காலேஜ் பெண்கள் இரண்டு பேர். ஆளுக்கு ஒரு காகிதம் கொண்டுவர வேண்டும், அதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். இதுதான் விதி. சத்தமாகப் படித்தால்தான் இன்னொருவர் “இரு, அந்தப் பேரை நான் எங்கேயோ பார்த்திருக்கேன்” என்பார்.

மொய் நோட்டைப் பக்கம் பக்கமாகப் படிக்காதீர்கள். ஊர்வாரியாகப் பிரித்து வேறு தாளில் எழுதுங்கள். சொந்தக்காரர் யாரும் இல்லாத ஓர் ஊரிலிருந்து ஏழெட்டுப் பேர் எழுதியிருந்தால் அங்கே நில்லுங்கள். என் அப்பா கல்யாணம் 1961-இல். அந்த நோட்டில் நெடுங்குணம் என்று பதினொரு பேர், எல்லாம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய். எங்களுக்கு நெடுங்குணத்தில் யாருமே கிடையாது என்றுதான் நினைத்திருந்தோம். விசாரித்தால் அது அப்பாவின் ஆயா, அதாவது பாட்டி, பிறந்த ஊர். அந்த அம்மா செத்து முப்பது வருஷம் ஆகியும் பொறந்த வீட்டார் விடாமல் வந்து மொய் எழுதியிருக்கிறார்கள். தொகையையும் விடாதீர்கள். எல்லோரும் ஒரு ரூபாய் எழுதும்போது ஒருவர் மட்டும் பதினொன்று எழுதியிருந்தால் அவர் தாய்மாமனாகவோ அக்கா புருஷனாகவோ இருப்பார்.

நோட்டு முடிந்ததும் வயதானவர்களிடம் போங்கள். நோட்டுக்கு முன்னால் போனால் “எல்லாம் மறந்துபோச்சு” என்பார்கள். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேரைப் படித்தால் தானாக வரும்.

மனைவியிடம் கேட்பதைவிட அக்கா தங்கையிடம் கேட்பது நல்லது. எங்கள் ஆயா தன் மாமனார் பேரைச் சாகும்வரை வாயால் சொன்னதில்லை. “மலை மேல நிக்கிறாரே, அவரு பேரு” என்பார். பழனியா, திருப்பதியா? “மொட்டை போடுற மலை.” இரண்டிலும்தானே போடுகிறார்கள்! ஒருநாள் “லட்டு” என்று ஒரு வார்த்தை சொன்னார், வெங்கடேசன் என்று எழுதிக்கொண்டேன். அதே பேரை நாத்தனாரிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

வருஷம் கேட்டால் வராது, சம்பவம் கேட்டால் வரும். “அண்ணா செத்தப்ப நீ கைப்புள்ள” என்றால் 1969 பிப்ரவரி. “எம்ஜிஆரைச் சுட்டாங்களே, அப்ப எனக்கு ரெண்டாவது வயித்துல” என்றால் 1967 ஜனவரி. ஸ்கூல் சர்டிபிகேட்டில் உள்ள பிறந்த தேதியை மட்டும் நம்பாதீர்கள். கையைத் தலைக்கு மேல் சுற்றிக் காதைத் தொட்டால் சேர்த்துக்கொண்ட காலம் அது. தேதியை வாத்தியார் போட்டார். எங்கள் வாத்தியாரே ஒப்புக்கொள்கிறார், தானும் போட்டிருப்பதாக.

எந்த வீட்டிலும் வரும் கேள்வி ஒன்று உண்டு: “எதுக்கும்மா இதெல்லாம் கேக்குற? பங்கு கேக்கவா?” இதற்குத் தயாராகப் போங்கள். பங்காளி வீட்டில் நிலத்தைப் பற்றி முதல் நாள் பேசவே பேசாதீர்கள். குலதெய்வம் எது, எந்த மாதம் பொங்கல் வைப்பீர்கள், யார் வீட்டுக் கிடா முதலில் என்று ஆரம்பியுங்கள். குலதெய்வக் கோயிலில் தலைக்கட்டு வரி வாங்கும் நோட்டு இருக்கும். கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. பத்து வருஷ இடைவெளியில் இரண்டு நோட்டு கிடைத்தால் யார் செத்தார், யார் பிரிந்தார், யார் பெங்களூர் போனார் என்று தெரிந்துவிடும். செட்டிநாட்டு நகரத்தார் இதைவிடக் கறாரானவர்கள். ஒன்பது நகரக் கோயில்களில் ஒவ்வொரு கல்யாணமும் ஒரு புள்ளியாகக் கணக்கில் ஏறிவிடும். அவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

இனி பேர். நமக்குக் குடும்பப் பேர் கிடையாது, இனிஷியல்தான். தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்பதால்தான் அவன் பேரன். இதனால் ஒரே வீட்டில் பொன்னுசாமி, கண்ணன், பொன்னுசாமி, கண்ணன் என்று படிக்கட்டு மாதிரி போகும். நான் முதன்முதலில் போட்ட எங்கள் வீட்டு வம்ச மரத்தில் இரண்டு பொன்னுசாமியை ஒருவராக்கி, அவருக்கு 104 வயதும் மூன்று மனைவியும் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு எங்கள் சங்கத்தில் பேருக்குக் கீழே நம்பர் போடுகிறோம். இன்னொரு விதியும் அன்றைக்கு வந்ததுதான்: ஒரே ஒரு காகிதமோ ஒரே ஒரு வாயோ சொன்னால் பென்சில். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு காகிதங்கள் ஒத்துச் சொன்னால் பேனா.

தமிழ் வருஷம் 60-க்கு ஒருமுறை திரும்பி வரும். தாது என்று எழுதியிருந்தால் 1876-ஆகவும் இருக்கலாம், 1936-ஆகவும் இருக்கலாம். முன்னது பஞ்ச வருஷம், பாட்டிகள் இன்னமும் சொல்லும் தாது வருஷப் பஞ்சம். ஜாதகத்தில் எந்தச் சுற்று என்று பிரிக்க எங்கள் பெரியவர் சொல்லித்தந்த வழி: குருவையும் சனியையும் பார்க்காதே, இரண்டும் 60 வருஷத்தில் ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்துவிடும். ராகுவைப் பார். ராகு ஒரு சுற்றுச் சுற்ற 18 வருஷத்துக்கு மேல் ஆகும், 60-இல் சரியாக அடங்காது, அதனால் வேறு ராசியில் நிற்கும். கிழமையும் கொடுத்திருந்தால் இன்னும் சுலபம். பழைய நிலக் கணக்குகளில் பசலி என்ற வருவாய்த்துறை ஆண்டு இருக்கும், 590-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். பசலி 1342 என்றால் 1932 ஜூலையிலிருந்து 1933 ஜூன் வரை.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். வீட்டில் பத்திரம் இல்லாவிட்டாலும் ஆபீசில் நகல் இருக்கும். முதலில் நிலத்தின் சர்வே நம்பர் வேண்டும். வருவாய்த்துறையின் நிலக் கணக்குகளான சிட்டாவிலோ அ பதிவேட்டிலோ கிடைக்கும். அதை வைத்துப் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம், அதாவது அந்த நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், பாருங்கள், பெரும்பாலும் 1975-லிருந்து உள்ளது வரும், பார்ப்பதற்குக் காசு இல்லை. அதற்கு முந்தையதற்கு மனுப் போட்டுக் கையால் தேடச் சொல்லவேண்டும். யுடிஆர் என்ற நிலப் பதிவேடு புதுப்பிப்பு வந்தபோது பல ஊரில் நம்பர் மாறியது, பழைய நம்பரையும் சேர்த்து எழுதிக்கொடுங்கள். சர்வே நம்பரே தெரியாதா? ஆபீசில் பேர்வாரி அட்டவணை தனியாக உண்டு. சொத்துப் பத்திரங்கள் ஏறும் 1-ம் புத்தகத்தைக் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம், நகல் கேட்கலாம். நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று: உயில் ஏறும் 3-ம் புத்தகத்திலும், எழுதியவர் இறந்தபிறகு யார் வேண்டுமானாலும் நகல் கேட்கலாம். சட்டத்திலேயே இருக்கிறது. கவுண்டரில் முடியாது என்றால் சண்டை வேண்டாம், பதிவுச் சட்டம் 57-வது பிரிவு என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

நகல் கையில் வந்ததும் எப்படிப் படிப்பது? ஒரு பத்திரத்தின் சாயலில் நானே எழுதிக் காட்டுகிறேன், பேரெல்லாம் கற்பனை (ஷை என்றால் மேற்படி, செக்குபந்தி என்றால் நான்கு பக்க எல்லை):

“1932-ம் வருஷத்துக்குச் சரியான ஆங்கீரச வருஷம் ஆவணி மாதத்தில், வந்தவாசி தாலூக்கா இன்ன கிராமத்திலிருக்கும் காத்தவராயன் குமாரர் சின்னசாமிக்கு, ஷை கிராமத்திலிருக்கும் பெரியண்ணன் குமாரர் வரதன் எழுதிக்கொடுத்த சுத்தக் கிரயப் பத்திரம் என்னவென்றால், என் குமாரத்தி கலியாணச் செலவுக்காக நாளது தேதியில் நான் பெற்றுக்கொண்ட ரூபாய் 85-க்கு... இதற்குச் செக்குபந்தி: துரைசாமி நிலத்துக்கு வடக்கு, ஏரிக் கால்வாய்க்குத் தெற்கு, கோவிந்தன் நிலத்துக்குக் கிழக்கு, வண்டிப்பாட்டைக்கு மேற்கு.”

வாங்கினவன், விற்றவன், இரண்டு அப்பாக்கள். எல்லோரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். நீங்கள் காரணத்தைப் பாருங்கள். குமாரத்தி கலியாணச் செலவுக்காக. அவள் பேர் இல்லை, ஆனால் அவள் கல்யாணம் 1932 ஆவணியை ஒட்டி நடந்தது என்று தெரிந்துவிட்டது. பிறகு செக்குபந்தியைப் பாருங்கள். “துரைசாமி நிலத்துக்கு வடக்கு” என்றால் துரைசாமி தெற்கே இருக்கிறான் என்று அர்த்தம். புதிதாகப் படிப்பவர்கள் இதைத் திருப்பிப் போட்டுவிடுவார்கள். துரைசாமி, கோவிந்தன், வரதன் மூன்று பேர் நிலமும் ஒரே சர்வே நம்பரின் உட்பிரிவுகள் என்றால், பெரும்பாலும் அது ஒரு காலத்தில் ஒரே அப்பாவின் கழனி. பிள்ளைகள் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே அடுத்து தேடவேண்டியது பாகப்பிரிவினைப் பத்திரம். அதில் மூத்தவன் பேர் முதலில், இளையவன் கடைசியில் இருக்கும். பங்கு பிரித்து எழுதிக்கொண்ட, பதிவாகாத கூர்ச்சீட்டாக இருந்தால் வீட்டில்தான் தேடவேண்டும்.

சாட்சிக் கையெழுத்தை நான் விடவே மாட்டேன். முதல் சாட்சி மச்சானாகவோ மாமனாகவோ இருப்பது அதிகம். முத்திரைத்தாளின் பின்பக்கம் ஸ்டாம்பு வெண்டர் எழுதிய பேரையும் பாருங்கள், தாள் வாங்க வந்தவன் வேறு ஆளாக இருப்பான், பெரும்பாலும் வீட்டுப் பிள்ளை.

பெண்கள் எங்கே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். 29 வருஷம் நான் டைப் அடித்ததில் முதல் சில வருஷங்களின் பாகப்பிரிவினைகளில் மகள்கள் பேரே இருக்காது. தமிழ்நாட்டில் 1989-க்குப் பிறகுதான் சட்டம் மகளையும் பங்குதாரர் ஆக்கியது. அப்போதும் ஏற்கெனவே கல்யாணம் ஆனவர்களுக்கு இல்லை என்று வைத்தார்கள். அதன்பிறகு பெண்கள் பேர் வர ஆரம்பித்தது, விடுதலைப் பத்திரத்தில். அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட வந்த அக்கா தங்கைகளை எதிரே உட்காரவைத்து எத்தனையோ அடித்திருக்கிறேன். பழைய பத்திரங்களில் ஒரே ஓர் இடத்தில் பெண் பேர் தப்பாமல் வரும்: புருஷன் செத்து, பிள்ளை சின்னவனாக இருந்தால். “மைனர் இன்னாருக்காகத் தாயாரும் கார்டியனுமான இன்னார்” என்று எழுதியாக வேண்டும். அதனால் என் தேடலில் இளம் வயதில் தாலியறுத்தவர்கள்தான் முதலில் கிடைக்கிறார்கள். மற்றவர்களுக்கு மொய் நோட்டும் நாத்தனார் ஞாபகமும்தான்.

பிறப்புப் பதிவைத் தேடுகிறவர்கள் பிள்ளையின் பேரைச் சொல்லித் தேடி ஏமாறுவார்கள். பழைய பதிவில் பேர் இருக்காது, “ஆண்” “பெண்” என்று மட்டும் இருக்கும். அப்பா பேரையும் தேதியையும் கொடுத்துத் தேடுங்கள். மானியமாகக் கொடுத்த இனாம் கிராமமாகவோ கோயில் ஊழிய மானியம் வாங்கிய குடும்பமாகவோ இருந்தால் 1860-களை ஒட்டிய இனாம் பதிவேட்டைக் கேளுங்கள். மானியம் முதலில் யாருக்குக் கொடுத்தது, இப்போது அனுபவிப்பவர் யார், வயது என்ன, என்ன உறவு என்று பத்தி பத்தியாக இருக்கும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். பாட்டி புதுச்சேரிக்காரராக இருந்தால் அதிர்ஷ்டம். பிரெஞ்சுக்காரர்களின் பிறப்பு, கல்யாண, இறப்புப் பதிவுகளை ஸ்கேன் செய்து பிரான்சில் உள்ள கடல்கடந்த பகுதிகளின் ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கிறது. 1881 ஆணைப்படி பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறியவர்கள் குடும்பப் பேரும் வைத்துக்கொண்டார்கள், அதனால் தேடுவது சுலபம்.

நிலமே இல்லாத குடும்பத்துக்கு நான் இதுவரை சொன்னதில் பாதி உதவாது. அதை ஒளிக்க வேண்டியதில்லை. காலனியில் மனைப்பட்டா கொடுத்த பட்டியல், சர்ச் ஞானஸ்நானப் புத்தகம், ஸ்கூல் சேர்க்கைப் பதிவேடு, 2002, 2005 வாக்காளர் பட்டியல் இவை கைகொடுக்கும். செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கைக்குப் பிறகு தலித் குடும்பங்களுக்கு 1892-இல் ஒதுக்கப்பட ஆரம்பித்த பஞ்சமி நிலத்துக்கும் கணக்கு உண்டு. முதலில் பட்டா பெற்றவர் பேர் அதில் இருக்கும். அந்தக் கணக்கைக் கேட்டாலே தாலூக்கா ஆபீசில் ஆள் விறைத்துப்போவார்கள். அந்த நிலம் பல இடத்தில் வேறு கைக்குப் போய்விட்டது, அதனால்தான். இலங்கையிலிருந்து வந்தவர்களாக இருந்தால் மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையை எடுங்கள், வீட்டில் எல்லோர் பேரும் வயதும் அதில் இருக்கும்.

கடைசியாக, வெளியூர்க்காரர்களுக்கு. போன மாசியில் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஓர் அம்மா வந்தார், அறுபது வயதிருக்கும், தமிழில் “வணக்கம்”, “சாப்பாடு” இரண்டும் தெரியும். கையில் கப்பல் பட்டியலின் ஒரு வரி. 1860 நவம்பர் 16-இல் முதல் கப்பலான ‘ட்ரூரோ’ சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பனில் இறங்கியது. 1911-இல் நிற்கும் வரை இந்தியாவிலிருந்து 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நட்டால் பகுதிக்குப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர், பேர், அப்பா பேர், வயது, சாதி, ஜில்லா, தாலூக்கா, ஊர், உடம்பில் உள்ள அடையாளம். டர்பன் பல்கலைக்கழக ஆவண மையத்தில் அந்தப் பட்டியல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள். நம் ஊர்க் கூட்டுப் பத்திரத்தில்கூட இத்தனை விவரம் இருக்காது. இந்த அம்மாவின் பாட்டனுக்கு இடது புருவத்தில் தழும்பு.

ஜில்லா ‘நார்த் ஆர்காட்’, தாலூக்கா ‘வாண்டிவாஷ்’. இரண்டாவது எங்கள் வந்தவாசிதான். முதலாவதில் கவனம் வேண்டும். 1911 வரை சித்தூரும் வட ஆற்காட்டில்தான் இருந்தது, பலர் தேடவேண்டிய ஆபீஸ் இன்று ஆந்திராவில் இருக்கிறது. 1989-இல் திருவண்ணாமலை மாவட்டம் பிரிந்து எங்களைக் கொண்டுபோனது. 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் போயின. ஊர்ப் பேரைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பான். கண்ணால் படிக்காதீர்கள், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், மேல், கீழ், பெரிய, சின்ன என்று முன்னால் வருவதை அவன் விட்டிருப்பான் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அம்மாவின் தாளில் ‘மராடாட்’. நாங்கள் அரைமணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். டீ கொண்டுவந்த பையன் மாடிப்படியில் நின்றபடியே “மருதாடா?” என்றான்.

சாதிப் பத்தியைப் பார்க்க எனக்கும் கூச்சம்தான். ஆனால் எந்தத் தெருவில் போய்க் கேட்பது என்பது அதில்தான் இருக்கிறது. டீக்கடையில் சத்தமாகக் கேட்காதீர்கள். அந்தத் தெருவில் வயதான ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேளுங்கள். டர்பனில் இன்றைக்குப் புழங்கும் குடும்பப் பேரைச் சொல்லித் தேடியும் பயனில்லை. பலர் வீட்டில் கப்பலேறிய பாட்டன் பேரே குடும்பப் பேராக நின்றுவிட்டது, சிலர் பட்டப்பேரை ஒட்டவைத்துக்கொண்டார்கள்.

எதையும் லேமினேட் செய்யாதீர்கள். எங்கள் ஆரம்ப காலத்தில் 1920-களின் ஜாதகம் ஒன்றை அப்படிச் செய்தோம், மை சூட்டில் பழுப்பாகிப் படிக்க முடியாமல் போனது, அந்த வீட்டார் முகத்தில் இன்றுவரை நான் விழிப்பதில்லை. வெயில் நேராகப் படாத ஜன்னலோரம் வைத்துப் போட்டோ எடுத்துவிட்டு, காகிதத்தை அன்றே வீட்டுக்காரர் கையில் கொடுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, நில விவரம் எதையும் வாட்ஸ்அப்பில் போடக்கூடாது.

மருதாட்டுத் தெருவில் ஒரு பெரியவர் வீட்டுத் தலைக்கட்டு நோட்டில் முனியன், கதிரன், முனியன், கதிரன் என்று நாலு தலைமுறை இருந்தது. கப்பல் பட்டியலில் கதிரன், அப்பா முனியன். டர்பன் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார், பெரியவரும் கையைப் பிடித்துக்கொண்டு “எங்க தாத்தாவோட அண்ணன் ஒருத்தர் காணாமப் போனாருன்னு சொல்லுவாங்க” என்றார். முனியனும் கதிரனும் எங்கள் பக்கத்தில் எல்லாத் தெருவிலும் உள்ள பேர். பெரியவருக்குப் புருவத் தழும்பு பற்றி யாரும் சொன்னதில்லை. மரத்தில் அந்தக் கோட்டை நான் பென்சிலால்தான் போட்டுக்கொடுத்தேன். அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம். இரண்டாவது காகிதத்துக்காக வாத்தியார் ஸ்கூல் பதிவேட்டையும் நான் பழைய அட்டவணையையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சார்பதிவாளர் ஆபீசில் வரும் புதன் வரச் சொல்லியிருக்கிறார்கள்.